இருளாயியின் ஓர் ஏக்கர்

தெஹியோவிட்டவிலிருந்து தெரணியகலைக்குப் போகும் வீதியில், ஒரு பெரிய றப்பர் தோட்டத்தின் வேலியை ஒட்டி ஓர் ஏக்கர் காணி இருந்தது. அதை 1968இல் வாங்கியவர் அந்தத் தோட்டத்தில் பால் வெட்டிய அழகமுத்து. பிரஜாவுரிமை இல்லாதவர் காணி வாங்கினால் விலைக்குச் சமமாக வரியும் கட்ட வேண்டியிருந்த காலம் அது. ஆகவே காணி உறுதிப் பத்திரத்தைப் பஜார்க் கடைக்காரர் சாலி முதலாளியின் பெயரில் எழுதினார்கள்.

சாலி நேர்மையானவர். கிழட்டு மரங்களைத் தறித்துப் புதுக்கன்று நடுவதற்கு அரசாங்கம் தவணை முறையில் கொடுத்த மானியம் அவர் பெயருக்கே வந்தது. வந்த அன்றே அதைக் கொண்டுபோய் அழகமுத்துவின் கையில் கொடுத்துவிடுவார். நட்ட மறு வருடம் அழகமுத்து காய்ச்சலில் இறந்தார். அதற்குப் பிறகு மனைவி இருளாயியின் கையில் கொடுத்தார். பசளை போட்டதும், புல் வெட்டியதும், பட்டையைக் கடிக்க வரும் முள்ளம்பன்றியைத் தகரம் தட்டி விரட்டியதும் அவள்தான்.

1974இல் மகனுக்கு இந்தியாவுக்குப் போகப் பாஸ்போர்ட் வந்தது.

"ஒத்தையில இங்க என்னம்மா பண்ணப் போற?"

"மரம் இன்னும் வெட்டுக்கு வரலடா. அத யாருகிட்ட விட்டுட்டு வர்றது? நீ புள்ளகுட்டிய கூட்டிக்கிட்டுப் போ."

அவன் போனான். அதே வருடம் சாலியும் இறந்தார். பெயருக்குரியவர் இறந்துவிட்டால், காணியை உண்மையில் வைத்திருப்பவர் யாரென்று பரிசோதகர் நேரில் விசாரித்து எழுதுவார். மிகுதி மானியம் அவருக்குப் போகும். மானியம் கொடுக்கும் எங்கள் அரசாங்கக் கந்தோரிலிருந்து பரிசோதகர் பஞ்சலிங்கம் போனார். யாழ்ப்பாணத்தவர், வேலையில் சுத்தமானவர். மரங்களின் சுற்றளவை அளக்க நானும் கூடப் போனேன். சாலியின் மருமகன் புவாட் எங்களுக்கு முன்பே அங்கு வந்து நின்றான்.

"இது ஆருடைய காணி?" என்று பஞ்சலிங்கம் இருளாயியைக் கேட்டார்.

"நம்ம தோட்டங்க, ஐயா."

பஞ்சலிங்கம் சிரித்தார். "உங்கால பக்கத்துக் கொம்பனித் தோட்டத்தில கேட்டாலும் இப்பிடித்தானே சொல்லுறியள்? நான் கேக்கிறது சொந்தக்காரன் ஆரெண்டு."

"நம்மதுதாங்க. நாங்கதான் பாத்துக்கிறோம்."

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவர்களுக்கு லயமும் நம்ம லயம், கொம்பனி அனுப்பும் துரையும் நம்ம துரை. 'என்னுடையது' என்ற சொல்லைக் காணியோடு சேர்த்துச் சொல்லும் வழக்கம் இருளாயிக்கு இல்லை.

"எங்கட மாமா காலத்திலயிருந்து இவதான் பாத்துக்கிறா, சேர்" என்றான் புவாட். அவன் சொன்னதில் பொய் என்று ஒரு சொல்லும் இல்லை.

உரித்தாளர் புவாட், காவல் இருளாயி என்று பஞ்சலிங்கம் எழுதினார்.

அடுத்த தவணை வராமல் போகவே அவள் கந்தோருக்கு வந்தாள். அழகமுத்து காணி வாங்கிய கதை முழுவதையும் அன்றுதான் கேட்டோம். பஞ்சலிங்கம் மாற்றலாகிப் போயிருந்தார். உறுதியும் அறிக்கையும் ஒரே பக்கம் பேசின. மேலே இருந்தவர்கள் அறிக்கையை மாற்ற மறுத்துவிட்டார்கள்.

மரங்கள் வெட்டுக்கு வந்தபோது புவாட் கத்திகளோடு வந்தான்.

"மொத வெட்டு நான் வெட்டுறேங்க. கூலி வேணாம்" என்றாள் இருளாயி.

"கூலி வாங்காம வெட்டினா நாளைக்கு மரம் ஒன்டதுன்னு வழக்குக்கு வருவாய். கூலிய வாங்கிக்கிட்டு வெட்டு."

கையில் எடுத்த கத்தியை அவள் பழைய அடிக்கட்டையொன்றின் மேல் வைத்தாள். புவாட் வேறொருவனைக் கூப்பிட்டான். முதல் மரத்தின் பால் சிரட்டையில் இறங்கியபோது, இருளாயி வேலிக்கு அந்தப் பக்கம், பெரிய தோட்டத்துக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.