உத்திரமேரூர் மண்டபத்தில் நான் பிடித்த இடது கால்

போன மாதம் உத்திரமேரூருக்குப் போனதற்கு என் தற்பெருமைதான் காரணம். தரையில் மல்லுக்கட்டும் ஜியு-ஜிட்சுவில் ஹாஃப் கார்டிலிருந்து எதிராளியைப் புரட்டுவது எப்படி என்று இந்த வலைப்பூவில் நீட்டி முழக்கியிருந்தேன். அதைப் படித்த தேசிங்கு என்ற இருபத்து நான்கு வயதுக்காரர், "எங்க பசங்களுக்கு வந்து காட்டுங்கணா" என்று செய்தி அனுப்பினார். வெள்ளைக்கு அடுத்த படியான நீலப் பட்டை வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத என்னை ஒருவர் மாஸ்டராக அழைக்கிறார். விடுவேனா?

ஞாயிற்றுக்கிழமை காலை 6.10க்குத் தாம்பரத்தில் மின்சார ரயில், செங்கல்பட்டுக்குப் பத்து ரூபாய். அங்கிருந்து சாலவாக்கம் வழியாகப் போகும் பேருந்தில் முப்பது ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். ஜன்னலோரம் கிடைத்தால் நல்லது, ஏரிக்கரை முழுக்கக் காற்று. உத்திரமேரூர் நிலையத்தில் தேசிங்கு பைக்கோடு நின்றிருந்தார். "மொதல்ல நாஷ்டா துன்னுங்கணா, அப்பால போலாம்" என்று இட்லிக் கடைக்கு அழைத்துப் போனார். காசு கொடுக்க விடவில்லை.

ஆறு கிலோமீட்டர் தள்ளி ஒரு சின்னக் கல்யாண மண்டபம். ஆடி மாதம் கல்யாணம் கிடையாது என்பதால் காலியாகக் கிடந்தது. ரப்பர் மேட்களைப் பரப்பி, மேலே லாரி தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருந்தார்கள். பயிற்சிக்குப் பத்துப் பேர், வேடிக்கை பார்க்க அதைப் போல மூன்று மடங்கு.

தெரியாதவர்களுக்காக: கீழே கிடப்பவர், மேலே இருப்பவரின் ஒரு காலை மட்டும் தன் கால்களுக்கு நடுவே பூட்டிக்கொள்வது ஹாஃப் கார்டு. அங்கிருந்து எதிராளியின் அக்குளுக்குள் கைவிட்டு, பக்கவாட்டில் எழும்பி, பூட்டிய காலின் பாதத்தைப் பிடித்துப் புரட்டி மேலே வருவது ஸ்வீப். தேசிங்கை வைத்துத்தான் செய்து காட்டினேன். ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிட்டார்: "லெஃப்ட் முட்டி கொஞ்சம் பேஜார்ணா. பாஞ்சு நாள்ல போலீஸ் செலக்‌ஷன், ரன்னிங் கீது. அத்த மட்டும் இழுக்காதீங்க."

பாடம் முழுக்க வலது காலிலேயே நடந்தது. பிறகு நிஜமாக மோதிப் பார்த்தோம். இரண்டு நிமிடத்தில் இரண்டு தடவை என் கால்களைத் தாண்டி வந்து அமுக்கிவிட்டார். வாசலில் ஒருவர், "இவுருதான் சொல்லிக்குடுக்க வந்தாரா?" என்று கேட்க, சிரிப்பு எழுந்தது. எனக்குக் காது சுட்டது. அடுத்த முறை என் கால்களுக்கு நடுவே மாட்டியது இடது கால். விட்டிருக்கலாம். பூட்டினேன், பாதத்தைப் பிடித்தேன். "விடுங்கணா" என்றார், மெதுவாக, ஒரே ஒரு தடவை. கேட்டது. கேட்ட பிறகுதான் புரட்டினேன்.

கைதட்டினார்கள். நான் மேலே உட்கார்ந்திருந்தேன், அவர் தொடையைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தார். "ஐயோ, சொன்னியாப்பா? கேக்கவே இல்லையே" என்றேன். "மூச்சு வாங்கிக்கினு இருந்தீங்கல்ல, எப்டிணா கேக்கும்" என்று எனக்காகச் சமாதானமும் அவரே சொன்னார். அதையும் வாங்கிக்கொண்டேன்.

என்னைக் கொண்டுவிட வேறு யாரையாவது அனுப்பச் சொன்னேன், கேட்கவில்லை. திரும்ப என்னை நிலையத்தில் விட்டவரும் அவர்தான். பைக்கில் கியர் போடுவது இடது காலால். ஆறு கிலோமீட்டரும் இரண்டாவது கியரிலேயே, என்ஜின் கத்தக் கத்த ஓட்டினார். பின்னால் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தேன். இறங்கும்போது, "நல்ல ஸ்வீப்ணா. நம்ம எடத்தப் பத்தி எழுதுங்க, நாலு பேர் வருவாங்க" என்றார். அதற்கு முன் நான் இப்படிக் கேவலப்பட்டதில்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஆவணி பிறந்துவிட்டதால் மண்டபம் முகூர்த்த நாட்களில் கிடைக்காது, கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். மின்விசிறி இரண்டுதான், மாற்றுத்துணி அவசியம். திரும்பும் பேருந்து முக்கால் மணி நேரத்துக்கு ஒன்று. யாருக்கு எந்த மூட்டு வலி என்று விசாரியுங்கள். விசாரித்தால் மட்டும் போதாது என்பதற்கு நானே சாட்சி.

நேற்று தேசிங்கு செய்தி அனுப்பியிருந்தார். "ரன்னிங் போவலணா, முட்டி மடங்க மாட்டேங்குது. அடுத்த வாட்டி பாத்துக்கலாம். நம்ம எடத்தப் பத்தி எழுதிட்டீங்களா?"

எழுதிவிட்டேன், தேசிங்கு. கேட்கவில்லை என்று உன்னிடம் சொன்னேனே, அது பொய்.