பதினோரு நாள் ஒரு சாவுக்காக வேண்டினேன்

என் வலது கண்ணில் வெள்ளையாக ஒரு புண் விழுந்திருந்தது. கறையான் கதவு நிலையைத் தின்பதுபோல அது கருவிழியைத் தின்றுகொண்டிருந்தது. மருத்துவர் விளக்கை நகர்த்தி வைத்துவிட்டு, "உங்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லையே" என்றார்.

வேண்டியதில்லை. நான் கண் பரிசோதகன். இருபத்து நான்கு வருடமாக அடுத்தவர் கண்ணுக்குள் எட்டிப்பார்த்துச் சோறு தின்பவன். வந்திருப்பது பூஞ்சை. எந்த நேரமும் ஓட்டை விழலாம். விழுந்தால் கண்ணையே எடுக்க வேண்டியதுதான். இறந்தவர் ஒருவருடைய கருவிழி கிடைத்தால் மாற்றி வைத்துப் பார்க்கலாம். அதுவரை சொட்டு மருந்தும் காத்திருப்பும்.

மாரியாத்தாளை நம்புகிற உங்களிடம் எதையும் மறைக்காமல் சொல்கிறேன். அழகாகச் சொல்லத்தான் ஆசை. நடந்தது அழகாக இல்லை.

போன மார்கழியில் என்னோடு ஆப்டோமெட்ரி, அதாவது கண் பரிசோதனைப் படிப்பு, படித்தவர்கள் சேலத்தில் கூடுவதாக ஏற்பாடு. அதற்கு முந்தைய மாதங்களெல்லாம் வாட்ஸ்அப் குழுவில் ஒரே பெருமை. ஒருவனுக்கு மஸ்கட்டில் மூன்று கண்ணாடிக் கடை. ஒருத்திக்கு முனைவர் பட்டம். இன்னொருவன் இமயமலைப் பனியில் கோடாரியோடு நிற்கிறான். நாமக்கல் லாரிப் பட்டறைகளில் ஓட்டுநர்களுக்குக் கண் முகாம் நடத்தியதற்காக எனக்கும் மேடையில் ஒரு பாராட்டு இருந்தது. அது எனக்குப் போதவில்லை. நாற்பத்தெட்டு வயதில் கனத்த மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கி, கொல்லிமலையின் எழுபது வளைவுகளும் ஏறி இறங்கிப் படம் போட்டேன். திரும்பும்போது ராசிபுரம் பக்கம் மக்காச்சோளக் காட்டுக்குள் வண்டியை விட்டேன். படத்தில் முகம் தெரிய வேண்டுமே என்று ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டிருந்தேன். தோகை ஒன்று வலது கண்ணை அறுத்துக்கொண்டு போனது.

இரண்டாம் நாள் கண் சிவந்தது. பயிர் கிழித்த கண்ணில் ஸ்டீராய்டு சொட்டு விடக்கூடாது. விட்டால் சிவப்பு அடங்கும், உள்ளே பூஞ்சை கொழுக்கும். எத்தனை விவசாயிகளை இதற்காகத் திட்டியிருக்கிறேன்! "மருந்துக் கடையில குடுத்தாங்கன்னு ஊத்திக்கிட்டு வந்தியா? அந்தக் கண்ணை எதுக்குச் சொமக்கறே, புடுங்கி வரப்புல போட்டுட்டுப் போ" என்று ஒரு பெரியவரை அழ வைத்திருக்கிறேன். அதே சொட்டை நானே எனக்கு ஊற்றிக்கொண்டேன். மேடையில் படம் எடுப்பார்கள், கண் வெள்ளையாகத் தெரிய வேண்டும். நான்கே நாளில் தெரிந்தது.

கூட்டத்துக்குப் பள்ளிபாளையத்திலிருந்து சுகந்தியும் வந்திருந்தாள். எங்களோடு படித்தவள், கண் வங்கியில் வேலை. சாவு விழுந்த வீட்டுக்கு ஆறு மணி நேரத்துக்குள் போய், கையைக் கட்டி நின்று கேட்டு, கருவிழியை வாங்கி வருகிறவள். குழுவில் அவளுக்கு 'எழவு டாக்டர்' என்று பேர். வைத்தவன் நான்.

மைக் கைக்கு வந்ததும் சும்மா இருக்க முடியவில்லை. "நம்ம பேட்ச்சுலயே சுகந்தி குடுத்து வெச்சவ. அவ பேஷண்ட் ஒருத்தராச்சும் 'கண்ணாடி சரியில்லைங்க'ன்னு திரும்பி வந்து சண்டை போட்டிருக்காங்களா?"

மண்டபமே சிரித்தது. பந்தியில் அவள் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"கதிரு, கண்ணைக் காட்டு."

"தூசி விழுந்திருச்சு."

"என்ன ஊத்துனே?"

"தண்ணி."

"பொய் சொல்லாதே. கடுகாட்டம் வெள்ளையா ஒண்ணு நிக்குது. செத்தவங்க கண்ணையே பாத்துப் பழகுனவ நான், உன்னுது அந்தப் பக்கமாத்தான் போகுது. எந்திரி, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

நான் இன்னொரு கரண்டி பாயசம் வாங்கிக்கொண்டேன்.

மூன்றே நாளில் படுக்கை. என் மனைவி சாந்தி எங்கள் ஊர் மாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் சாத்திவிட்டு வந்தாள். கண் நோய்க்கு வெள்ளிக் கண்ணைக் காணிக்கை வைக்கும் சனங்களைப் பார்த்து இத்தனை வருடம் நான் சிரித்திருக்கிறேன். "ஏனுங்க, நீங்களும் வாயைத் தொறந்து கேளுங்க. ஆத்தாகிட்ட என்ன வெக்கம்?" என்றாள். கேட்டேன். ஆத்தா, உனக்கு வெள்ளிக் கண் வந்துவிட்டது. எனக்கு ஒரு கருவிழி கொடு.

அன்றே சுகந்தியைக் கூப்பிட்டேன். "ஏதாச்சும் வந்துச்சா?"

"நல்லாக் கேளு. யாராச்சும் செத்தாங்களான்னு கேளு."

நான் சொட்டு மருந்துப் புட்டியின் மூடியைத் திருகினேன்.

"கேளுடா. மைக்குல நல்லாத்தானே பேசுனே?"

"யாராச்சும்... செத்தாங்களா சுகந்தி?"

"ரெண்டு பேரு. ரெண்டு ஊட்லயும் இல்லைன்னுட்டாங்க. ஒரு ஊட்ல எஞ் செருப்பை எடுத்து ரோட்டுல வீசுனாங்க. உன்னையாட்டமே ஒரு வாய்க்காரன் அங்கயும் இருந்தான்."

என் வேண்டுதல் என்னவென்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. தெரிந்த பிறகும் நிறுத்தவில்லை. ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு போனால் நெஞ்சு குளிர்ந்தது. தெருவில் பறைச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்தேன். பொங்கலன்று ஊரே எல்லோரும் நல்லாயிருக்க வேண்டும் என்று கும்பிட்டது. நான் ஒருவன் மட்டும் எதிர்ப்பக்கமாகக் கும்பிட்டேன். வயதானவர் கருவிழியைவிட இளசாக இருந்தால் தெளிவாக இருக்கும் என்று படித்த மூளை ஓரமாகச் சேர்த்துக்கொண்டது. பத்தாம் நாள், "யாரும் சாக வேண்டாம் ஆத்தா" என்று சொல்லிப் பார்த்தேன். பாதியில் கண்ணில் வலி குத்தியது. பழைய வேண்டுதலுக்கே திரும்பிவிட்டேன்.

பதினோராம் நாள் காலையில் சுகந்தி கூப்பிட்டாள். "வருது. தயாரா இரு."

"யாருது?"

"சொல்லக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"வயசாச்சும் சொல்லு."

"நீ கேட்ட மாதிரியே சின்ன வயசுதான். போதுமா?"

நான் அதை அவளிடம் ஒருநாளும் கேட்டதில்லை. ஆத்தாளிடம் மட்டும்தான் கேட்டிருந்தேன்.

"அந்தப் புள்ளையோட அம்மாதான் குடுத்தாங்க," என்றாள். "மொதல்ல மண்ணை வாரித் தூத்துனாங்க. வாசல் தாண்டி வந்தப்புறம் அவங்களே கூப்பிட்டு, 'சுருக்கா எடுத்துக்கிட்டுப் போ சாமி, நான் மனசு மாறறதுக்குள்ள'ன்னாங்க."

கருவிழியை மாற்றி வைத்தார்கள், பதினாறு தையல். வாரங்கள் கழித்துப் பலகையில் நான்காவது வரிசை வரை எழுத்து தெரிந்தது. தெரிந்த அன்று நான் அழுத அழுகையில் நன்றி எவ்வளவு, பயம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

என் வேண்டுதல்தான் அந்தப் பிள்ளையைக் கொண்டுபோனதா? "ஆத்தா அப்படிப்பட்டவ இல்லீங்க" என்கிறாள் சாந்தி. நானும் நம்புகிறேன். அந்தச் சாவை ஆத்தா தரவில்லை. மண் வாரித் தூற்றிய ஒரு தாயின் வாயில் "எடுத்துக்கிட்டுப் போ" என்ற சொல்லைத் தந்தாள். எனக்குக் கிடைத்த பதில் அதுதான். சில நாள் இந்த நம்பிக்கை நிற்பதில்லை. அன்றைக்கும் கும்பிடுகிறேன்.

வண்டியை விற்றுவிட்டேன். குழுவில் சுகந்தியிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். "சரி, ஞாயித்துக்கெழமை வா, ஆள் பத்தல" என்று மட்டும் எழுதினாள். இப்போது அவளோடு சாவு வீடுகளுக்குப் போகிறேன். ஆட்டையாம்பட்டியில் ஒரு வீட்டில், "பொணந்தின்னி நாயே, பெத்தவ இன்னும் வந்து சேரலை, அதுக்குள்ள வந்துட்டியா" என்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார்கள். ஆத்தா பேரைச் சொல்லிக்கொண்டு வெயிலில் நின்றேன். அங்கே எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதற்கும் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

நீங்களும் ஆத்தாளை விடாமல் நம்புங்கள். வெட்கப்படுகிற வேண்டுதலையும் அவளிடமே கொண்டுபோங்கள். அவள் முகம் சுளிக்கமாட்டாள். ஒருநாள் உங்கள் வீட்டில் அந்தத் துக்கம் விழும். அப்போது இன்னொரு வீட்டு வேண்டுதலுக்குப் பதில் சொல்லும் இடத்தில் அவள் உங்களை நிறுத்துவாள். மின்விசிறியை நிறுத்துங்கள். போனவரின் இமைகளை மூடி ஈரப் பஞ்சு வையுங்கள். தலைக்கு ஒரு தலையணை கொடுங்கள். கண் வங்கிக்குச் சொல்லி அனுப்புங்கள், ஆறு மணி நேரத்துக்குள் வந்துவிடுவோம். கதவைத் தட்டமாட்டோம். அன்றைக்கு அது திறந்துதான் இருக்கும்.