கலகெதரக் கடைவாசலில் நின்ற அம்புலன்ஸ்

அடுத்த அழைப்பு எந்தப் பக்கத்திலிருந்து வரக்கூடும் என்று கம்ப்யூட்டர் கணித்துச் சொல்லும். அம்புலன்ஸ் முன்கூட்டியே அங்கே போய் நிற்க வேண்டும். இந்தத் திட்டம் தொடங்கிய அன்று எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நோயாளிக்கு முதலுதவி செய்வது என் வேலை. வண்டி ஓட்டும் சாரதி அண்ணனுக்கோ துளியும் நம்பிக்கை இல்லை.

"கம்ப்யூட்டர் என்ன சாமியாடியா, குறி சொல்றதுக்கு?" என்று வழியெல்லாம் சிரித்தார்.

கண்டிக்குப் பக்கத்தில், கலகெதரயில் ஒரு புடவைக்கடை வாசல்தான் எங்களுக்குக் கிடைத்த இடம். வண்டியை நிறுத்திய ஐந்தாவது நிமிடம் கடை முதலாளி இறங்கி வந்துவிட்டார்.

"தங்கச்சி, இதக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க. கடையில யாரோ மௌத்தாம், செத்துப்போயிட்டாங்களாம் எண்டு கண்டியில இருந்தெல்லாம் கோல் வருது."

மூன்றாம் முறையும் துரத்த வந்தபோது எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பதிலுக்கு ஏசத்தான் நிமிர்ந்தேன். தூறலில் நின்ற மனிதருக்கு வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. வலது கை இடது தோளைத் தடவியபடியே இருந்தது.

"நானா, நெஞ்சு வலிக்குதா?" என்று கேட்டேன். முஸ்லிம் பெரியவர்களை எங்கள் பக்கம் 'நானா' என்றுதான் கூப்பிடுவோம்.

"கேஸ்ட்ரிக்தான். இஞ்சி பிளேன்டீ குடிச்சன். கூடினா த்ரீவீல்ல ஆஸ்பத்திரிக்குப் போவன்."

நான் விடவில்லை. கையைப் பிடித்து ஏற்றி ஈ.சி.ஜி. எடுத்தேன். சந்தேகமே இல்லை, மாரடைப்பு. வண்டி கண்டிக்குப் பறந்தது. கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னால், "யாரு கோல் எடுத்தது?" என்கிறார்கள். அம்புலன்ஸ் கேட்டு ஒருவரும் அழைக்கவில்லையே! அழைப்புப் பதிவாகாவிட்டால் கலகெதரயில் அன்று ஒன்றுமே நடக்கவில்லை என்றுதான் கம்ப்யூட்டர் படித்துக்கொள்ளும். நாளைக்கு அங்கே யாரையும் அனுப்பாது. அவருடைய போனிலேயே அவசர இலக்கத்தை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டேன்.

"பயப்படாதீங்க ஐயா, அம்புலன்ஸ் வரும்," என்றாள் எதிர்முனைப் பெண்.

ஒட்சிசன் முகமூடியை அவரே விலக்கினார். "அது எப்பவோ வந்திட்டுது மகள். போங்க போங்க எண்டு மூணு தரம் ஏசினன். அல்லாஹ்தான் காப்பாத்தினான், இவங்க போகல்ல."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஆஸ்பத்திரியில், இனிப் பயமில்லை என்று டாக்டர் சொன்னதும் அண்ணன் நடைபாதையிலேயே கைதட்டிவிட்டார். அன்றைய பதிவு இன்னும் இருக்கிறது: நோயாளி எங்களை அழைப்பதற்கு அரை மணிநேரம் முன்பே நாங்கள் அவரிடம் வந்து சேர்ந்துவிட்டோம்.