வாடை நின்ற பிறகு

காலை ஒன்பதரைக்குச் சென்னை ரயில் போடியில் நின்றது. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததுமே ஏலக்காய் மணம். மேற்கே குரங்கணி மலைமேல் மேகம் இறங்கியிருந்தது. ஊர் பார்க்க வந்திருந்தால் ஜீப் பிடித்து அங்கே போயிருப்பேன். என் பையில் இருந்தவை செத்துப்போன பாண்டியின் கைக்கடிகாரமும் இரண்டு சட்டைகளும்.

சிலமலைக்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். "யாரு வீட்டுக்குண்ணே?" என்றார் ஓட்டுநர். சொன்னதும் பாட்டை நிறுத்திவிட்டார்.

பாண்டியும் நானும் சென்னைக்கு வெளியே ஒரு சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தோம். எண்ணெய்க் கிணறுகளுக்குப் போகும் எஃகுக் குழாயில் ஒரு துண்டை வெட்டி, வளைத்து இறுக்கி, நச்சு வாயு கரைந்த அமில நீரில் ஒரு மாதம் ஊறப்போடுவோம். விரிசல் விடாவிட்டால் குழாய் தேறியது. அந்த வாயு அழுகிய முட்டைபோல நாறும். போன மாதம் அது கசிந்தது. பாண்டி வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது.

பதினொரு மணிக்கு அவன் வீட்டில் இருந்தேன். அவன் மனைவி செல்வி தண்ணீர் கொடுத்தாள். போடியில் ஏலக்காய்க் கிடங்கு ஒன்றில் காய் பொறுக்கப் போகிறவள். பக்கத்தில் அவள் தம்பி குமார், பையைக் கட்டிக்கொண்டு தயாராக நின்றான். பாண்டி பார்த்த வேலையைக் கம்பெனி அவனுக்குத் தருகிறதாம். என்னோடு அனுப்பிவைக்கப் போகிறாள்.

"நாத்தத்துக்குப் பயப்படாதடா," என்றாள் தம்பியிடம். "மொதல்ல அடிக்கும், பெறகு மூக்குக்குப் பழகிரும். எங்களுக்கு ஏலக்கா வாடை தெரியுதா என்ன? அன்னைக்கு அவரு போன்ல, 'வாடை அடிச்சுச்சு, இப்ப இல்ல'ன்னாரு. 'பழகிருச்சு, போயி சோலியப் பாருங்க'ன்னேன். அப்படித்தானே சார்?"

ஆமாம் என்று சொல்லிவிட்டு எழுந்திருக்கலாம். அவளுக்காகச் சொல்லியும் இருப்பேன். ஆனால் குமாரின் பை கண்ணில் பட்டது.

"இல்லம்மா. அந்த வாயு கூடிப்போனா மூக்கு மரத்துப்போகும். வாடை திடீர்னு நின்னா வெளியே ஓடணும்."

வேலைக்குச் சேரும் அன்று ஓர் ஆங்கிலப் படத்தில் இதைக் காட்டுவார்கள். பாண்டிக்கு ஆங்கிலம் தெரியாது.

செல்வி என்னையே பார்த்தாள். "அப்ப நான் சொன்னதக் கேட்டுத்தான் உள்ள போனாரா சார்?"

எனக்கு அழுகை வந்தது. குமார் பையை எடுத்துப்போய் வீட்டுக்குள் வைத்தான்.

இரண்டு மணிக்குக் கிளம்பியபோது அவள் வெளியே வரவில்லை. குமார்தான் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். "ஒங்களுக்குன்னு அக்கா ஏலக்கா வாங்கி வச்சிருந்துச்சுண்ணே."

போடியிலிருந்து மதுரை பஸ். தேனி தாண்டியும் மடியிலிருந்து மணம் வந்துகொண்டே இருந்தது. ஆண்டிபட்டிக் கணவாயில் திடீரென்று அது இல்லை. தடவிப் பார்த்தேன், பொட்டலம் மடியில்தான் இருந்தது. அடுத்த நிறுத்தத்தில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர், "ஏலக்கா என்னமா மணக்குது!" என்றார்.

ஏலக்காய் விஷயத்தில் செல்வி சொன்னது சரிதான்.