நிக்கட்டும் மாசான்

வாய்தோனா கரையில் மாசானை உட்கார்ந்த கோலத்தில் பார்த்தவர்கள் குறைவு. தேநீர்க் கடையில் பெஞ்சு காலியாகக் கிடந்தாலும் நின்றுகொண்டேதான் குடிப்பான். ஒரு கோப்பை முடிவதற்குள் நாலைந்து தரம் கடல் பக்கம் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவான். பூசை நேரத்தில்கூட மாதா கோயில் வாசல் தூணோரமாகத்தான் அவன் இடம், அங்கிருந்தால்தான் ஜலசந்தி தெரியும். "சாமியார் ஆண்டவரைப் பாருன்னு சொல்றாரு, இந்த மனுஷன் தண்ணியப் பாக்குது" என்று அவன் மனைவி கேவா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பாளே தவிர, அவளுக்கு அது தீராத தலைவலி. தூக்கத்தில் காற்று திசை மாறினால் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போகிற ஆளோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது?

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. எங்கள் ஃப்ளோரெஸ் தீவுக் கரைக்கும் எதிரே இருக்கும் அதோனாராத் தீவுக்கும் நடுவில் கிடக்கும் கடல் அப்படி. அகலம் என்று பார்த்தால் ஒன்றுமே கிடையாது. எதிர்க்கரையில் காயப் போட்ட சாரம் என்ன நிறம் என்று இங்கிருந்தே சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் குறுகலுக்குள்தான் இரண்டு பக்கத்துக் கடலும் முண்டியடித்துக்கொண்டு போய் வருகின்றன. பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் தெற்கே பாயும்போது, தெற்கத்திக் காற்றும் எதிர்த்து ஏறினால் போச்சு, அலை சாயாமல் செங்குத்தாக எழுந்து நிற்கும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையில் கொஞ்ச நேரம், ஒரு உலைச் சோறு வேகிற நேரம், நீர் அசையாமல் நிற்கும். கடக்க வேண்டுமானால் அப்போது கடக்க வேண்டும்.

அந்த நேரத்தைச் சொல்வதுதான் மாசானின் பிழைப்பு. தன் படகில் ஆளும் மூட்டையும் ஏற்றிக் கரை கடத்துவான் என்றாலும், ஊருக்கு அவனிடம் வேண்டியிருந்தது அவன் வாய்தான். விடிந்ததும் வானிலை ஆபீசிலிருந்து கைபேசிக்கு வரும் செய்தியைப் படிப்பான். கடலின் ஏற்றமும் வற்றமும் குறித்த ஓதப் பட்டியலைப் பார்ப்பான். இரண்டையும் நம்பாமல் கரும்பாறை மேல் ஏறி நின்று, மிதக்கிற தேங்காய் மட்டை எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பான். அப்புறம் படகுக்காரர்கள் குழுவில் குரலைப் பதிவு செய்து போடுவான். "காத்து தெக்க. அலை ரெண்டு மீட்டர். நீர் நிக்கட்டும்." காற்றே இல்லாத நாளிலும் கடைசியில் அந்த 'நிக்கட்டும்' இருக்கும். கேலிக்காரப் பையன்கள் அதை வெட்டி எடுத்துக் கைபேசி மணியாக வைத்துக்கொண்டார்கள். கடன் கேட்டால் 'நிக்கட்டும்', கல்யாணம் எப்போது என்றால் 'நிக்கட்டும்' என்று ஊரே பேசியது. கேலி செய்தாலும் அவன் சொல்லை மீறி யாரும் கயிற்றை அவிழ்க்கவில்லை. அவன் சொல்ல ஆரம்பித்த பிறகு எங்கள் கரையில் படகு கவிழ்ந்து செத்தவர் ஒருவரும் இல்லை.

கரையிலேயே செத்தவர் உண்டு. அதோனாராவில் லாமாதோ கிராமத்துத் தோக்கானின் அம்மா. வயிற்று வலியில் துடித்தவளைப் பலகையில் கிடத்தித் தூக்கி வந்தார்கள், இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக. அன்று அந்தக் கரையில் மாசானின் படகு ஒன்றுதான் இருந்தது. தெற்கத்திக் காற்று மாதம், பௌர்ணமிக்கு மறுநாள். மாசான் கடலைப் பார்த்துவிட்டு "நீர் நிக்கட்டும்" என்றான். தோக்கான் காலைப் பிடித்தான், அடித்தான், பிறகு சும்மா உட்கார்ந்தான். நீர் நிற்பதற்கு முன்னால் படகின் நிழலிலேயே கிழவி போய்விட்டாள்.

அதற்குப் பிறகு இரண்டு கரைக்கும் கொடுக்கல் வாங்கல் நின்றுபோகும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். தோக்கான் வேறு மாதிரி ஆள். அடுத்த மழைக்காலத்தில் தானே படகேறி வந்து மாசான் வீட்டில் உட்கார்ந்து, "நீ கடலப் பாத்துச் சொன்ன. அன்னிக்கிப் போயிருந்தா அம்மாவோட சேந்து நாங்களும் போயிருப்போம். என் மனசு சமாதானம் ஆயிருச்சு மச்சான்" என்று சொல்லிக் கள்ளும் வறுத்துத் தட்டிய சோளமும் சாப்பிட்டுவிட்டுப் போனான். போனதோடு விடவில்லை. யார் மாசானைக் குறை சொன்னாலும் சண்டைக்குப் போனான். அவனுடைய தங்கை மகள் பெனியை மாசானின் மகன் யோனாஸ் விரும்புகிறான் என்று பேச்சு வந்தபோது, தாய்மாமன் என்ற முறையில் முதல் சம்மதம் அவன் வாயிலிருந்துதான் வந்தது. "அந்த வீட்டுக்குக் கண்ண மூடிக்கிட்டுப் பொண்ணக் குடுக்கலாம்."

பெண்ணுக்கு விலை யானைத் தந்தம். எங்கள் பக்கத்தில் யானையும் கிடையாது, காடும் கிடையாது. யார் எப்போது கொண்டுவந்தார்களோ, வீட்டுக்கு வீடு கைமாறிக்கொண்டே இருக்கும் தந்தங்கள்தான். மாசான் குலத்துத் தந்தம் ஆள் உயரம், நல்ல கனம். அந்தக் குலத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வாசலைத் தாண்டிய தந்தம் திரும்ப அதே வாசல் ஏறக் கூடாது, கிளம்பிய நாளில் பொழுது சாய்வதற்குள் பெண்வீட்டுத் தாய்மாமன் கையில் சேர வேண்டும். சேராவிட்டால் பெண்ணை வேண்டாம் என்று சொன்னதாக அர்த்தம்.

நாள் குறித்ததே மாசான்தான். மதியச் சாப்பாட்டு வேளையில் நீர் நிற்கும், அப்போது கடந்துவிடலாம் என்று வாரம் முழுவதும் தலைதலையாக அடித்துக்கொண்டான். யார் கேட்டது? அன்றைக்குத் தந்தத்துக்கு எண்ணெய் பூசுவதில் பெண்களுக்குள் தகராறு. பிறகு ஒவ்வொரு பெரியவரும் எழுந்து முப்பாட்டன் பெயரிலிருந்து ஆரம்பித்துப் பேசினார்கள். மாசான் வாசலுக்கும் தெருவுக்குமாக நடந்து தேய்ந்தான். "அண்ணே, நீர் நின்னுருச்சு அண்ணே!" என்று குலத்தின் மூத்தவர் கோப்போங்கிடம் போய்க் கெஞ்சினான்.

"இருடா. ஊருக்கெல்லாம் நிக்கட்டும் நிக்கட்டும்னு சொன்னவன், இன்னிக்கு என்ன ஓடுற?" என்றார் கோப்போங். எல்லாரும் சிரித்தார்கள்.

தந்தத்தைச் சாரத்தில் சுற்றித் தோளில் ஏற்றி, கொட்டு முழங்கக் கரைக்கு வந்தபோது நீர் நின்று முடிந்து தெற்கே இழுக்க ஆரம்பித்திருந்தது. காற்றும் ஏறிவிட்டது. நடுவில் வெள்ளை வெள்ளையாக அலை எழுந்து நிற்பது கரையிலிருந்தே தெரிந்தது. மாசான் பாறை மேல் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினான்.

"நிக்கட்டும்."

"எப்ப நிக்கும்?" என்றார் கோப்போங்.

"பொழுது சாஞ்சு, இருட்டினப்புறம்."

கொட்டு நின்றது. யோனாஸின் முகத்தைப் பார்க்க மாசானுக்குத் தைரியம் இல்லை. கேவாதான் முதலில் வெடித்தாள். "ஊரு சனமெல்லாம் உன் சொல்லக் கேட்டுச்சு. உன் சொல்ல வச்சே உன் புள்ள வாழ்க்கையக் கெடுக்கப் போறியா?"

"கடல் யாரு புள்ளன்னு பாக்குமா, கேவா?"

"பாக்காது. நீ பாப்பேல்ல?"

கோப்போங்குக்குத் தோள் வலித்தது. தந்தத்தைத் தரையில் வைக்கவும் கூடாது, திரும்பவும் கூடாது. ஆள் மாற்றி ஆள் தூக்கிக்கொண்டு நின்றார்கள். மாசான் பாறைக்குப் போனான், வந்தான், படகின் கயிற்றைத் தொட்டான், விட்டான். மலை நிழல் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. எதிர்க்கரையில் பந்தலும் கூட்டமும் தெரிந்தன. பன்றி வாட்டுகிற புகை தெற்கத்திக் காற்றில் வடக்கே சாய்ந்து ஓடியது.

அப்போதுதான் கைபேசி அடித்தது. தோக்கான்.

"மச்சான், கரையில உங்கள எல்லாம் பாத்துட்டுத்தான் இருக்கேன். நீர் ஓடுதா?"

"ஓடுது மச்சான். எங்காளுக தாமதம் பண்ணிட்டாங்க."

"இங்க கெழவனுங்க மொணமொணங்குறானுங்க. பொழுது சாஞ்சா முறை கெட்டுப் போகுமாம். நான் பேசிக்கிறேன், நீ பதறாத. நின்னப்புறமே வா. நீ நிக்கட்டும்னா அதுல ஞாயம் இருக்கும். எனக்குத் தெரியாததா?"

அந்த மனிதன் மாசானைத் திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். மாசான் அதே பாறையில் இருந்து இறங்காமல் பொழுதைப் போக்கியிருப்பான். திட்டவில்லை. தன் ஆட்களை எதிர்த்துக்கொண்டு, தன் முறையைத் தானே விட்டுக்கொடுத்துக் காத்திருக்கிறேன் என்கிறான். ஒருமுறை அவனைக் கரையில் காக்க வைத்து என்ன ஆனது என்று மாசானுக்குத் தெரியும். அதே ஆளை, அதே கரையில், இரண்டாம் தரமும் உட்கார வைப்பதா? இது மகனுக்காகக்கூட இல்லை என்று அவன் தனக்குள் சொல்லிக்கொண்டான். தோக்கானுக்காக.

"ஏறுங்க," என்றான்.

கோப்போங்கே திகைத்துப் போனார். "டேய், என்னடா?"

"ஏறுங்கண்ணே. பொம்பளைங்க வேணாம். தந்தத்தோட நீங்க, யோனாஸ், கொட்டுக்காரன். அவ்வளவுதான்."

கேவா அவன் சட்டையைப் பிடித்தாள். இவ்வளவு நேரம் போ போ என்றவள், போகிறான் என்றதும் வேண்டாம் என்றாள். அவன் விடுவித்துக்கொண்டு இறங்கினான்.

ஃப்ளோரெஸ் கரையை ஒட்டியே வடக்கே ஏறினான். கரையோரமாக நீர் எதிர்ப் பக்கம் சுற்றிக்கொண்டு போகும் ஒரு இழை உண்டு. அதைப் பிடித்து எவ்வளவு மேலே போக முடியுமோ போனான். பிறகு படகின் மூக்கைத் திருப்பி நீரோட்டத்துக்குள் நுழைந்தான். நீர் படகைப் பிடுங்கித் தெற்கே இழுத்தது. எதிரே அலை எழுந்தது. எஞ்சினைக் குறைத்து ஏறினான், உச்சியில் கூட்டினான், இறங்கும்போது மறுபடி குறைத்தான். யோனாஸ் வாளியால் இறைத்துக்கொண்டே இருந்தான். கோப்போங் தந்தத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, முப்பாட்டன்களில் ஆரம்பித்து மாதா வரைக்கும் எல்லாரையும் கூப்பிட்டார். ஓர் அலை தலைக்கு மேல் வந்து உள்ளேயே உடைந்தது. எஞ்சின் இருமியது. நிற்கவில்லை. நடுச்சுழியைத் தாண்டியதும் அதோனாரா மலையின் மறைவு கிடைத்தது, அலை தணிந்தது. மாசானுக்கு நம்பவே முடியவில்லை. சிரிப்பு வந்தது. கோப்போங் அழுதுகொண்டே சிரித்தார். கொட்டுக்காரன் நனைந்த கொட்டை அடித்துப் பார்த்தான். சத்தம் வரவில்லை, அதற்கும் சிரித்தார்கள்.

லாமாதோ கரையில் கூட்டம் ஆரவாரம் செய்தது. கிழவர்கள் எழுந்து நின்றார்கள். வெயில் இன்னும் மணலில் இருந்தது. தோக்கான் மட்டும் ஆரவாரம் செய்யவில்லை. இடுப்பளவு நீரில் இறங்கி வந்தான். முறைப்படி இரண்டு கையையும் நீட்டினான். கோப்போங்கும் யோனாஸும் தந்தத்தை இறக்கி அவன் தோளில் வைத்தார்கள். அவன் திரும்பி நடக்கவில்லை. தோளில் தந்தத்தோடு படகைப் பார்த்தான், எஞ்சினைப் பார்த்தான், அவர்கள் கடந்து வந்த கடலைப் பார்த்தான்.

"காத்து தெக்க," என்றான்.

"ஆமா மச்சான்."

"நேத்துதான பௌர்ணமி?"

மாசானின் சிரிப்பு போய்விட்டது. அவன் என்ன கேட்கிறான் என்று அப்போதுதான் புரிந்தது.

"அன்னிக்கும் இதே மாசம், இதே காத்து. படகும் இதுதான்." தோக்கானின் குரலில் கோபமே இல்லை, கணக்குப் புரியாத ஆள் கேட்பது போலக் கேட்டான். "சொல்லு மச்சான். அன்னிக்கி அலை இதவிடப் பெருசா இருந்துச்சா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அன்றைய அலையை இன்று யார் போய் அளக்கப் போகிறார்கள்? தோக்கானே அந்த ஆமாமுக்காகத்தான் கெஞ்சிக்கொண்டு நின்றான், அவன் கண்ணில் தெரிந்தது. ஆனால் வாழ்நாள் முழுவதும் கடலைப் பற்றி ஒரு பொய்கூடச் சொல்லாத வாய் அது. மாசான் எவ்வளவோ முயன்றான்.

"இல்ல," என்றான். "இதேதான்."

தோக்கான் தோளில் இருந்ததை ஒருமுறை மேலே தூக்கிச் சரியாக வைத்துக்கொண்டான்.

"எங்கம்மா இவ்வளவு கனம்கூட இருக்க மாட்டா, மாசான்."

சொல்லிவிட்டுக் கரையேறினான். வாக்கு மாறுகிற ஆள் இல்லை. கிழவர்கள் முன்னால் தந்தத்தை இறக்கி, பெண்ணைக் கொடுத்தாயிற்று என்று உரக்கச் சொன்னான். வேறு கொட்டு முழங்கியது. யோனாஸைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். மாசான், படகில் நீர் கிடக்கிறது, இறைத்துவிட்டு வருகிறேன் என்றான். யாரும் வற்புறுத்தவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துப் பெனி ஒரு தட்டோடு நீருக்குள் இறங்கி வந்தாள். சோறும் பன்றிக்கறியும், பக்கத்தில் ஒரு கிண்ணம் கள்ளும்.

"தோக்கான் மாமா குடுத்துவிட்டாரு. உங்கள இங்கயே சாப்பிடச் சொன்னாரு. மேல வர வேணாமாம்," என்றாள். ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை. "உங்களுக்கு உடம்புக்கு முடியலையா மாமா?"

"ஒண்ணுமில்ல தாயி," என்றான் மாசான்.

தாய்மாமன் அனுப்பிய தட்டைத் திருப்பினால் சம்பந்தம் முறிந்துவிடும். மருமகள் பார்த்துக்கொண்டு நிற்க, ஈரச் சட்டையோடு படகில் உட்கார்ந்து, கடைசிப் பருக்கை வரை தின்றான்.