பேச்சாளரின் பீர்

என் வீட்டுக்காரர் பீர் ஆலையில் பார்லி வறுப்பவர். முளைகட்டிக் காயவைத்த பார்லியை இரும்பு உருளையில் கொட்டிச் சுற்றவிட்டு, கருகிப் போவதற்குள் பதம் பார்த்து இறக்க வேண்டும். கண்ணைவிட மூக்குக்குத்தான் அங்கே வேலை அதிகம். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால் அவர் சட்டைக் காலரிலிருந்து வறுத்த வாசனை வரும். வாயிலிருந்து மட்டும் ஒன்றும் வராது.

ஊமைக்கோட்டான் என்றால் அப்படியொரு ஊமைக்கோட்டான். கல்யாணமான நாளிலிருந்து நான் ஆக்கிப் போடுவதைக் குனிந்த தலை நிமிராமல் சாப்பிடுவார். "நல்லா இருக்கா?" என்று கேட்டால், "நல்லாத்தான் இருக்கு" என்பார். அவ்வளவுதான், கை கழுவப் போய்விடுவார். நானும் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறவள் இல்லை. பகலெல்லாம் ஹோட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுவிட்டு, வீங்கிய காலோடு வந்து அடுப்படியில் நிற்கிறேன். ருசியாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் முத்தா உதிர்ந்துவிடும்? சரி, இவர் பிறவியே அப்படி என்று மனதைத் தேற்றிக்கொண்டு காலத்தை ஓட்டினேன்.

அதிலும் மண்ணை அள்ளிப் போட்டாள் என் நாத்தனார். அதே ஆலையில் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுகிறாள். ஒரு நாள் வீட்டுக்கு வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தாள்.

"அண்ணி, அண்ணனுக்கு அங்க என்ன பேரு தெரியுமா? பேச்சாளர்!"

"யாரு, இவரா?"

"ஒரு வாய் பீரைக் குடிச்சிட்டு அரை மணி நேரம் பேசுறாரு. முதலாளியம்மா கன்னத்துல கைய வச்சுக்கிட்டுக் கேக்குறாங்க. நடு நடுவுல சிரிப்பு வேற!"

அன்று என் வயிறு எரிந்த எரிச்சலில் ஒரு உருளை பார்லியை வறுத்து இறக்கியிருக்கலாம். பேசத் தெரியாத மனுஷனோடு வாழ்ந்துவிடலாம். பேச்சையெல்லாம் வெளியே கொட்டிவிட்டு வீட்டுக்குக் காலிப் பாத்திரமாக வருகிறவனை என்ன செய்வது?

சனிக்கிழமை புது பீர் ஒன்றை முதன்முதலாகத் திறக்கிறார்கள், வேலை செய்கிறவர்களின் குடும்பமும் வரலாம் என்றும் நாத்தனார்தான் சொன்னாள். இவர் வாயே திறக்கவில்லை. இருந்ததில் நல்ல உடையைப் போட்டுக்கொண்டு நானே கிளம்பிப் போனேன்.

ஆலைத் தரை ஈரமாக இருந்தது. எஃகுத் தொட்டிகளுக்கு நடுவே நீளமான மேசை போட்டிருந்தார்கள். முதலாளியம்மா ரப்பர் பூட்ஸ் போட்டு, சட்டையை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தாள். அழகி என்று சொல்ல முடியாது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அழகியாக இருந்திருந்தால் மனசுக்குள் நாலு திட்டு திட்டிவிட்டு நிம்மதியாகப் போயிருப்பேன்.

முதல் கிளாஸை இவரிடம்தான் நீட்டினாள். "சொல்லுங்க பேச்சாளரே, என்ன தெரியுது?"

இவர் முகர்ந்தார், ஒரு வாய் குடித்தார், கண்ணை மூடினார். பிறகு மடை திறந்தது.

"மொதல்ல ரொட்டி ஓரம் தெரியுது மேடம். அடுப்பு சரியா எரியாத நாள்ல ஒரு பக்கம் மட்டும் கருகுமே, அந்த ரொட்டி. அதுக்கு அடியில பால். காய்ச்சின பால் இல்ல, அடிப்பிடிச்ச பால். பாத்திரத்தச் சுரண்டுறப்ப ஒரு இனிப்பு வரும் பாருங்க, கசப்பையும் கையோட கூட்டிட்டு..."

பேச்சோடு சேர்ந்து அவர் கையும் ஆடியது. இத்தனை வருஷத்தில் அந்தக் கை ஆடி நான் பார்த்ததில்லை. எல்லாரும் சிரித்துக்கொண்டு கேட்டார்கள். எனக்கு அழுகை முட்டியது.

என் கையிலும் ஒரு கிளாஸ் வந்தது. கறுப்புக்கு ஒரு படி குறைவான பழுப்பு, மேலே தடித்த நுரை. சாக்கடைத் தண்ணீர் என்று சொல்லத் தயாராகத்தான் வாயில் வைத்தேன். கனமாக இறங்கியது. விழுங்கிய பிறகு நாக்கின் ஓரத்தில் ஒரு கருகிய இனிப்பு நின்றது. எனக்கு நன்றாகத் தெரிந்த இனிப்பு. என் பால் பாத்திரத்தின் அடியில் இருப்பது.

அதற்குள் முதலாளியம்மா என்னிடம் வந்துவிட்டாள். "நீங்கதானா அது! உங்க அடுப்படியத்தான் பாட்டில்ல அடைச்சிருக்கோம். இவரு சொல்லச் சொல்ல, வறுக்குறத மாத்தி மாத்திப் பாத்தோம். ஆமா, வெங்காயம் வதக்குறப்ப ஒரு சிட்டிகை சர்க்கரை போடுவீங்களாமே?"

அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, இவரிடம்கூட. வேறு யாராவது என்றால் அந்த இடத்திலேயே உருகிப் போயிருப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கை ருசியை எனக்கே இன்னொருத்தி எடுத்துச் சொல்ல வேண்டுமா?

வீட்டுக்கு வந்து, பாத்திரங்களை உருட்டி எடுத்து சூப் வைத்தேன். மேசையில் கிண்ணத்தைக் கொஞ்சம் வேகமாகவே வைத்தேன்.

"நான் கேட்டா வாயில பூட்டு. அந்தம்மா கேட்டா மட்டும் பொத்துக்கிட்டு வருதோ?"

அவர் நிஜமாகவே விழித்தார். "அவங்க என்ன தெரியுதுன்னு கேக்குறாங்க. நீ நல்லா இருக்கான்னு கேக்குற. நல்லாத்தானே இருக்கு? அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?"

அவர் கரண்டியை எடுத்தார். அவள் கேட்ட கேள்வியை என் வாயால் கேட்பதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

"என்ன தெரியுது?"

கரண்டி பாதி வழியில் நின்றது. முகர்ந்தார், ஒரு வாய் குடித்தார், கண்ணை மூடினார்.

"உப்பு கம்மி" என்றார். "வெங்காயம் பாதிதான் வதங்கியிருக்கு, சர்க்கரை போடவே இல்ல. மிளகு ரெண்டு தடவ விழுந்திருக்கு. கோவத்துல சமைச்சிருக்க." பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "போன வாரம் வச்சது இப்படி இல்ல. அதுல..."

அவர் கை ஆடத் தொடங்கியது. சூப் ஆறிக்கொண்டிருந்தது. கேள்வி அவளுடையது என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியத்தான் செய்கிறது. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தேன்.

"ம், சொல்லுங்க. அதுல?" என்றேன்.