தொட்டாத்தான் மைலோ

பினாங்கு டத்தோ கிராமாட் அடுக்குமாடியில் மர்ஜானாவுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: சார்ஜன், அதாவது பட்டாளத்து சார்ஜென்ட். நேரில் சொல்லத்தான் யாருக்கும் துணிச்சல் கிடையாது.

மகள் நஜ்வா டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவள். உடம்பில் வலு குறைவு. கையைத் தூக்கச் சொன்னால் போதும், அலுத்துக்கொண்டு தரையில் படுத்துவிடுவாள். மர்ஜானா விடுவாளா? எட்டாத உயரத்தில் சுவரில் ஒரு மீன் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு, மைலோ குவளையும் கையுமாகப் பக்கத்தில் நிற்பாள்.

"தொட்டாத்தான் மைலோ."

அழட்டும், உருளட்டும், ஊரையே கூட்டட்டும், மைலோ கிடைக்காது. ஜுருவில் கார் பட்டறையில் வேலை பார்க்கும் கணவன் ஹைதருக்கு மனசு கேட்காது. "பாவம் லா, குடுத்துரேன்," என்பான்.

"நான் இல்லாட்டி மேல்தட்டுல இருக்கறத யாருங்க அவளுக்கு எடுத்துக் குடுப்பா?" என்று ஓர் அதட்டல் விழும்.

நஜ்வாவுக்குப் பதினொரு வயதானபோது, அந்த 'நான் இல்லாட்டி' நிஜமாகவே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. மர்ஜானாவின் இடது மார்பில் புற்றுநோய். அறுவை சிகிச்சை முடிந்தது, கீமோ முடிந்தது, முடியெல்லாம் கொட்டியது. நஜ்வா அந்த மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்துக் கெக்கெக்கே என்று சிரித்தாள். மர்ஜானாவும் சிரித்துத் தொலைத்தாள். எல்லாவற்றையும் தாண்டியவள் கடைசியில் மாட்டிக்கொண்டது தோளில்தான். அறுவைக்குப் பிறகு இடது கை தோளுக்கு மேல் ஏற மறுத்தது.

ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித்தரும் ரூபினி பட்டென்று சொல்லிவிட்டாள்: "மர்ஜானாக்கா, அடுத்தது ரேடியேஷன். கையத் தலைக்கு மேல வச்சிக்கிட்டு ஆடாம அசையாம படுக்கணும். கை ஏறலன்னா தேதி தள்ளிப்போவும். தள்ளிப் போடுற நோயாக்கா இது? தினம் செவத்துல விரல மேல ஏத்திப் பழகுங்க."

சார்ஜன் தன் விஷயத்தில் என்ன செய்தாள் தெரியுமா? ஒன்றும் செய்யவில்லை! நஜ்வாவைக் குளிப்பாட்டணும், பள்ளிக்கு அனுப்பணும், சோறு ஊட்டணும். தினம் ஒரு சாக்கு. உண்மை வேறு. விரல் தோள் உயரத்தைத் தாண்டினாலே உயிர் போகிற வலி. அந்த வலிக்கு அவள் பயந்தாள்.

தேதி நெருங்கியபோது ஒரு சாயங்காலம் ஹைதர் பிடித்துக்கொண்டான். "இன்னிக்காவது செஞ்சியா?"

எரிச்சலோடு எழுந்தாள். சுவரில் விரல்களை வைத்து மெல்ல மெல்ல ஏற்றினாள். தோளுக்கு நேராக வந்ததும் 'அல்லா!' என்று அலறிக் கையை இறக்கினாள். அங்கேயே உட்கார்ந்து அழுதாள். "முடியலங்க. என்னால ஆவாது. விட்டுருங்க என்னை."

நஜ்வா மைலோ குடித்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். குவளையைக் கீழே வைத்தாள். தன் பெட்டியிலிருந்து ஒரு மீன் ஸ்டிக்கரை எடுத்து வந்தாள். அம்மாவின் விரல் நின்ற இடத்துக்கு ஒரு சாண் மேலே ஒட்டினாள். பிறகு மேசையில் இருந்த அம்மாவின் டீயைக் கையில் எடுத்துக்கொண்டு விறைப்பாக நின்றாள்.

"ம்மா. தொட்டாத்தான்."

ஹைதருக்குச் சிரிப்பு பீறிட்டது.

"அடிப்பாவி, என் டீயக் குடுடி!"

"தொட்டா."

அந்த முகத்தில் துளி இரக்கம் இல்லை. மர்ஜானாவின் முகமேதான்! டீ ஆறிப் பச்சைத் தண்ணீராகும்வரை நின்றாள் அந்தப் பெண். மர்ஜானா பல்லைக் கடித்துக்கொண்டு, அழுதுகொண்டு, திட்டிக்கொண்டு, அந்த மீனைத் தொட்டாள்.

அன்று முதல் தினமும் மீன் கொஞ்சம் மேலே ஏறியது. தனக்கு எட்டாத உயரம் வந்ததும் நஜ்வா நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறி ஒட்டினாள். "இன்னிக்கி வலிக்குதுடி தங்கம்," என்று கெஞ்சினால் தோளைத் தேய்த்துவிடுவாள், கண்ணைத் துடைத்துவிடுவாள். டீ மட்டும் வராது.

ஆஸ்பத்திரியில் ரேடியேஷனுக்காக மர்ஜானாவைப் படுக்கவைத்து, கையைத் தூக்கச் சொன்னார்கள். கண்ணை மூடினாள். மீன் தெரிந்தது. கை எழுந்தது, தோளைத் தாண்டியது, தலைக்கு மேல் போய் அமர்ந்தது.

"பாகுஸ், காக்!" என்று பாராட்டினாள் அங்கே இருந்த மலாய்ப் பெண். "ஜாங்ஙான் கெராக்." அசையக் கூடாதாம். காதோரம் வழிந்த கண்ணீரைத் துடைக்கக்கூட வழியில்லாமல், மர்ஜானா மனசுக்குள் ஒரு குத்தாட்டம் போட்டாள்.

வெளியே நஜ்வா மடியில் பிளாஸ்க்கைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"தொட்டியா?"

மர்ஜானா நடைபாதையில் அத்தனை பேர் பார்க்க இடது கையை உயரத் தூக்கிக் காட்டினாள். நஜ்வா கீழிருந்து மேல்வரை சோதித்துப் பார்த்துவிட்டு, டீயை ஊற்றி நீட்டினாள்.

ஒரு வாய் குடித்ததும் மர்ஜானாவுக்குப் பல் கூசியது. அப்படி ஓர் இனிப்பு. "என்னங்க, சீனிய அள்ளிக் கொட்டுனீங்களா?"

"நானா? நான் தொடவேயில்ல லா," என்றான் ஹைதர். "மேல்தட்டுல இருந்த சீனி டப்பா. அவளே எட்டி எடுத்தா."

மர்ஜானா ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.